பார்பியானா மலையில் ஒரு பள்ளிக்கூடம்

படிப்பில் மனம் ஒட்டாத பிள்ளையைக் குறிக்க ஒவ்வொரு மொழியிலும் ஒரு சொல் உண்டு. இத்தாலிய மொழியில் அச்சொல் 'ஸ்வொல்யாத்தோ' என்பது. விருப்பம் அற்றுப்போனவன் என்பது அதன் நேர்ப்பொருள். ஆசிரியர்கள் சற்றும் தயங்காமல் வழங்கிய சொல் அது. பெற்றோர் தலைகுனிந்து ஏற்றுக்கொண்ட சொல்லும் அதுவே. விருப்பம் பிறக்கும்போதே இல்லாமற்போயிற்றா, இருந்தது பறிபோயிற்றா, பறிபோயிற்றென்றால் யார் பறித்தார் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டவர் ஒரு குருவானவர். அவரும் அவருடைய மலைநாட்டுச் சிறுவர்களும் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்த வரலாறு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

முதலில் அன்றைய இத்தாலியைச் சற்று நோக்குவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1948-இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டு அரசியலமைப்பு, எட்டு ஆண்டுக் கல்வி கட்டாயமானது, இலவசமானது என்று 34-ஆம் பிரிவில் உறுதி கூறியது. சொன்னதை நடத்திக்காட்ட நாடு நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. ஐந்தாண்டுத் தொடக்கக் கல்விக்குப்பின் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் லத்தீன் கற்பிக்கும் நடுநிலைப் பள்ளிக்குச் சென்றனர். ஏழைப் பிள்ளைகளுக்கு வேலைக்கு ஆயத்தப்படுத்தும் வேறொரு பள்ளி, அல்லது வயலும் தொழுவமும். 1962 டிசம்பர் 31-இல் பிறப்பிக்கப்பட்ட 1859-ஆம் எண் சட்டமே இவ்விரு வழிகளையும் ஒன்றாக்கி, பதினான்கு வயதுவரை அனைவருக்கும் ஒரே நடுநிலைப் பள்ளியை அமைத்தது.

சட்டம் கதவைத் திறந்தது மெய்தான். ஆனால் உள்ளே இருந்த தேர்வு முறை மாறவில்லை. தேர்ச்சி பெறாத பிள்ளை அதே வகுப்பில் மீண்டும் உட்கார வேண்டும். இரண்டுமுறை நின்றவன், மூன்றுமுறை நின்றவன், முதல் வகுப்பிலேயே பதினான்கு வயதை எட்டிவிடுவான். அன்றோடு சட்டத்தின் கட்டாயம் தீர்ந்தது; அவனும் வெளியேறினான். யாரும் அவனைத் துரத்தவில்லை. ஆண்டுகளைக் கழித்துக்கொண்டார்கள், அவ்வளவே. அப்படி வெளியேறியவர்கள் பெரும்பாலும் குடியானவர் பிள்ளைகளும் தொழிலாளர் பிள்ளைகளுமாக இருந்தனர். பெற்றோரோ, "நம் பிள்ளைக்குப் புத்தகம் ஏறவில்லை" என்று தங்களையே நொந்துகொண்டார்கள்.

இந்தச் சூழலில்தான் அருட்தந்தை லொரென்சோ மிலானி வருகிறார். அவர் ஏழை வீட்டுப் பிள்ளை அல்லர். 1923 மே 27-இல் பிளாரன்ஸ் நகரில் செல்வமும் கல்வியும் நிறைந்த குடும்பத்தில் பிறந்தவர். புகழ்பெற்ற மொழியியல் அறிஞர் தொமேனிக்கோ கொம்பரேத்தி அவருடைய கொள்ளுப்பாட்டனார். தாயார் யூத குலத்தவர். சமயப் பற்று இல்லாத இல்லம் அது. இளைஞர் லொரென்சோ ஓவியராக விரும்பி, மிலான் நகரின் பிரேரா கலைக்கழகத்தில் பயின்றார். 1943-இல் அவர் வாழ்வு திடீரென வேறு திசையில் திரும்பியது. அவ்வாண்டின் இறுதியில் அவர் பிளாரன்ஸ் குருமடத்தில் சேர்ந்தார்; 1947 ஜூலை 13-இல் குருத்துவ அருட்பொழிவு பெற்றார்.

சான் தொனாத்தோ என்னும் தொழிலாளர் பங்கில் உதவிக் குருவாகப் பொறுப்பேற்றதும் அவர் கண்டது, தம் மறையுரை எவருக்கும் விளங்கவில்லை என்பதே. மக்களுக்குச் செவி இருந்தது, சொற்கள் இல்லை. சொல்லே இல்லாதவனிடம் நற்செய்தியை எவ்வாறு கொண்டுசேர்ப்பது? ஆகவே மாலைநேரப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். கத்தோலிக்க இளைஞரும் பொதுவுடைமைக் கட்சி இளைஞரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். எவரும் தயக்கமின்றி உள்ளே வரவேண்டும் என்பதற்காக அந்த வகுப்பறைச் சுவரிலிருந்து பாடுபட்ட சிலுவையையே எடுத்துவைத்தார். நம்மில் பலருக்கு இது இன்றும் நெருடலாகவே இருக்கும். அன்று பலருக்கு அது பெரும் இடறலாயிற்று.

அக்காலப் பங்குகளில் இளைஞரைக் கோவிலுக்கு ஈர்க்க விளையாட்டு அறைகளும் பந்தாட்டமும் நடத்துவது வழக்கம். மிலானி இதனைக் கடுமையாகச் சாடினார். ஏழை இளைஞனுக்குக் கல்வி சுவைக்காது, பந்துதான் சுவைக்கும் என்று குருக்களே முடிவுகட்டுவது அவனை இழிவுபடுத்துவது என்பது அவர் கருத்து. 'உம் பள்ளி எப்படி நிரம்பி வழிகிறது, முறையைச் சொல்லும்' என்று கேட்ட நண்பர்களிடம், கேள்வியே பிழை என்றார் அவர்: பள்ளி நடத்த என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதைவிட, எப்படிப்பட்டவராய் இருக்க வேண்டும் என்றே கேட்கவேண்டும். இக்கருத்துகள் அடங்கிய அவருடைய மேய்ப்புப்பணி நூல் 1958-இல் வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே உரோமையின் ஆணையால் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. அந்தத் தடை இனிச் செல்லாது என்று திருச்சபை அறிவித்தது 2014-இல்தான்.

நூல் வருவதற்கு முன்னரே அவர் அகற்றப்பட்டிருந்தார். 1954 டிசம்பரில் பிளாரன்சுக்கு வடகிழக்கே முஜெல்லோ மலைப்பகுதியில், விக்கியோ என்னும் ஊரைச் சேர்ந்த பார்பியானாவுக்கு அவர் அனுப்பப்பட்டார். ஓவியர்களுக்குப் பேர்போன வட்டாரம் அது. அருளாளர் ஃபிரா ஆஞ்செலிக்கோ பிறந்ததும் அங்கேதான். ஆனால் பார்பியானாவில் இருந்தது ஒரு கோவில், ஒரு குருமனை, ஒரு சிறு கல்லறைத் தோட்டம். வீடுகள் காட்டுக்குள் சிதறிக் கிடந்தன. சாலை இல்லை, மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. அவரை மௌனமாக்கவே அங்கு அனுப்பினார்கள் என்பதில் ஐயமில்லை.

அங்கு அவர் கண்ட சிறுவர்கள் ஐந்தாம் வகுப்போடு படிப்பை முடித்துவிட்டு மாடு மேய்ப்பவர்கள். முதலில் ஆறு சிறுவர்களைச் சேர்த்துக்கொண்டு குருமனையிலேயே பள்ளி நடத்தினார். பின்னர் பிள்ளைகள் பெருகினர். ஆண்டில் 365 நாளும் பள்ளி. லீப் ஆண்டானால் 366. காலையில் தொடங்கினால் இருட்டும்வரை, நாளுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம். ஞாயிறன்றும் திருப்பலிக்குப்பின் பள்ளி உண்டு. விடுமுறை இல்லை, விளையாட்டு நேரம் இல்லை. மதிப்பெண் இல்லை, தேர்ச்சி அறிக்கை இல்லை, எவரையும் வகுப்பில் நிறுத்திவைப்பதும் இல்லை.

இதைக் கேட்கும்போது நமக்கே மூச்சு முட்டுகிறது. படிப்பை வெறுக்கும் பிள்ளைக்குப் பன்னிரண்டு மணி நேரப் படிப்பா என்று வியப்போம். மலையேறி வந்த படித்த விருந்தினர்களும் இதையே கேட்டனர். விளையாட்டு பிள்ளையின் உடலுக்கும் உள்ளத்துக்கும் எவ்வளவு தேவை என்று விளக்கினர். அவர்கள் மறந்தது ஒன்று. அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கு மாற்றாக இருந்தது விளையாட்டு அன்று, வேலை. வீட்டில் 36 மாடுகளுக்குச் சாணம் அள்ளிவந்த ஒரு சிறுவன், எப்படிப் பார்த்தாலும் சாணத்தைவிடப் பள்ளி மேலானது என்று கூறி வாதத்தை முடித்துவைத்தான். கல்வியாளர் நூல் பல புரட்டியும் எட்டாத உண்மை அவனுக்கு எட்டியிருந்தது.

ஆயினும் வேறு வழியில்லாமல் வருவது வேறு, விரும்பி வருவது வேறு. அந்த விருப்பம் எங்கிருந்து வந்தது? அந்த அறைக்குள் நுழைந்தவர்கள் அதைப் பள்ளிக்கூடம் என்றே எண்ணமாட்டார்கள். ஆசிரியர் மேடை இல்லை, கரும்பலகை இல்லை, வரிசைப் பலகைகள் இல்லை. பெரிய மேசைகள் இருந்தன. அவற்றைச் சுற்றியே படிப்பு, அவற்றின் மேலேயே சாப்பாடு. புத்தகம் ஒவ்வொன்றிலும் ஒரே பிரதி. அதைச் சூழ்ந்து பல தலைகள். அவற்றுள் ஒன்று ஆசிரியரின் தலை என்பது உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அந்த ஆசிரியருக்குப் பன்னிரண்டு வயதோ பதினாறு வயதோ இருக்கும். பெரியவன் சிறியவனுக்குக் கற்பித்தான். நேற்றுக் கற்றவன் இன்று கற்பித்தான்.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை எண்ணிப்பாருங்கள். தன் வாழ்நாளில் எதற்கும் பயன்படாதவன் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவனிடம் ஒரு சிறுவனை ஒப்படைத்து, 'இவனுக்கு நீதான் பொறுப்பு' என்றால் என்ன நிகழும்? தனக்காகப் படிக்க மறுத்தவன் அந்தச் சிறுவனுக்காகப் படிப்பான். பார்பியானாவின் இன்னொரு வழக்கம் இதைவிட வியப்பானது. யார் மிகவும் பின்தங்கியவனோ, யார் மந்தமானவனோ, யார் மனமில்லாதவனோ, அவனே அங்கு செல்லப்பிள்ளை. மற்றப் பள்ளிகளில் முதல் மாணவனுக்குக் கிடைக்கும் வரவேற்பு இங்குக் கடைசி மாணவனுக்குக் கிடைத்தது. அவனுக்கு விளங்கும்வரை பாடம் நகராது, எல்லாரும் காத்திருப்பார்கள். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுச் சென்ற ஆயனின் உவமையை நாம் கோவிலில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதைக் கால அட்டவணையாகவே மாற்றியவர் மிலானி அடிகளார்.

பாடமும் வாழ்விலிருந்து விலகி நிற்கவில்லை. நாள்தோறும் செய்தித்தாளை உரக்கப் படிப்பார்கள். புரியாத சொல் வந்தால் நிறுத்துவார்கள். அதன் வேரைத் தேடுவார்கள். ஒரு வேலைநிறுத்தச் செய்தி வந்தால் அதன்வழியே வரலாறு, கணக்கு, சட்டம் அனைத்தும் வந்துசேரும். மலையேறி வரும் பேராசிரியரையும் அரசியலாளரையும் சிறுவர்கள் சூழ்ந்துகொண்டு கேள்விகளால் துளைப்பார்கள். விளங்காதபடி பேசும் பெரியவர் அங்குத் தப்ப முடியாது. மலைப்பிள்ளைகள் தண்ணீருக்கு அஞ்சியதால் தங்கள் கையாலேயே ஒரு சிறு நீச்சல் குளம் கட்டினார்கள். மேசைகளையும் பாடக் கருவிகளையும் தாங்களே செய்தார்கள். பதினைந்து, பதினாறு வயதில் வெளிநாடுகளுக்குச் சென்று வேலை செய்துகொண்டே அயல்மொழி கற்றார்கள். சுவரில் ஆங்கிலத்தில் 'ஐ கேர்' என்று எழுதியிருந்தது. எனக்கு அக்கறை உண்டு என்பது பொருள். 'எனக்கென்ன போயிற்று' என்ற பொருளில் பாசிச இளைஞர் முழங்கிய முழக்கத்துக்கு நேர் எதிராக அது வைக்கப்பட்டது.

இப்பள்ளிக்கு அரசுப் பள்ளியில் தோற்ற பிள்ளைகளும் வந்தனர். சாந்த்ரோ, ஜான்னி என்னும் பெயர்களில் அச்சிறுவர்களின் நூல் இருவரைப் பற்றிப் பேசுகிறது. சாந்த்ரோவுக்கு வயது 15, வளர்ந்த ஆள். மூளை இல்லாதவன் என்று ஆசிரியர்கள் முடிவுகட்டி, முதல் வகுப்பில் மூன்றாம் முறையாக உட்காரச் சொன்னார்கள். அவன் பார்பியானாவில் சில நாட்களிலேயே மாறிப்போனான். காலையில் மூன்றாம் வகுப்புப் பாடத்தைக் கேட்பான். தனக்குத் தெரியாதவற்றைக் குறித்துவைத்து, மாலையில் இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்புப் புத்தகங்களில் துழாவித் தேடுவான். ஜூன் மாதம் நடுநிலைப் பள்ளி இறுதித் தேர்வை எழுதித் தேறிவிட்டான். மூளை ஒரே ஆண்டில் முளைத்துவிடுமா என்ன? முன்பும் இருந்ததுதான், எவரும் அதற்கு வேலை கொடுக்கவில்லை.

ஜான்னியின் கதை வேறு. வயது 14; கவனம் நில்லாதவன்; புத்தகத்தைக் கண்டாலே வெறுப்பு. அவனை ஆசிரியர்கள் போக்கிரி என்றார்கள். வினைச்சொல்லைப் பிழையின்றி எழுதத் தெரியாது. ஆனால் பெரியவர்களின் உலகம் அவனுக்குத் தெரியும்: வேலையின் நெளிவுசுளிவு, குடும்பத்தின் துன்பம், ஊரின் நடப்பு. அவனைப் படிக்கவைக்கப் பார்பியானாப் பிள்ளைகள் குட்டிக்கரணமே போட்டார்கள். எல்லாவற்றிலும் இல்லாவிடினும் ஏதோ சில பாடங்களிலாவது அவனுக்கு ஒரு பிடிப்பு உண்டாயிற்று. அரசுத் தேர்வில் அவனை மேலே தூக்கிவிட்டால் போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று காத்திருந்தார்கள். தேர்வு அறையில் ஓர் ஆசிரியை, அவனுக்குப் பேசத் தெரியவில்லை என்று சுட்டிக்காட்டி, இதற்கு ஏன் தனிப்பள்ளிக்குப் போகிறாய் என்று கேட்டார். தோற்று வந்த ஜான்னி பார்பியானாவுக்கும் திரும்பவில்லை. அவனைத் தொலைவிலிருந்தே கவனித்துவந்த தோழர்களுக்கு அவனைப் பற்றிச் சிறு சிறு செய்திகள்தான் கிடைத்தன: கோவிலுக்குப் போவதில்லை, ஒரு பட்டறையில் தரை பெருக்குகிறான், சனிக்கிழமை நடனம், ஞாயிற்றுக்கிழமை பந்தாட்டம்.

பார்பியானாவைப் புகழ்ந்து பேசுவோர் பலர் சாந்த்ரோவைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சிறுவர்கள் அப்படிச் செய்யவில்லை. தங்களால் காக்க முடியாதவனைத் தங்கள் நூலின் நடுவிலேயே வைத்தார்கள். ஒரு பிள்ளையின் விருப்பத்தை மீட்க ஓராண்டு உழைப்பு தேவைப்பட்டது; அதை அழிக்க ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

நூல் எழுந்த வகையும் அறியத்தக்கது. பார்பியானாவில் படித்து ஆசிரியப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்த பிள்ளைகள் அங்கே தேர்வில் நிறுத்தப்பட்டனர். அந்த மனக்காயத்தை ஆய்வாக மாற்றினார் மிலானி. எட்டுச் சிறுவர்கள் எழுத முனைந்தார்கள். அவரவர் எண்ணத்தைத் துண்டுத் தாள்களில், ஒரு தாளுக்கு ஓர் எண்ணம் என்று எழுதினார்கள். தாள்களை இனம்பிரித்து அடுக்கினார்கள். ஒவ்வோர் அடுக்கும் ஓர் இயலாயிற்று. பிறகு ஒரு சொல் மிகாதபடி வெட்டிச் சுருக்கினார்கள். அரசின் புள்ளிவிவரங்களைத் தாங்களே ஆராய்ந்து, தோற்பவர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். தேர்வில் தங்களுக்கு வந்த கட்டுரைத் தலைப்பையும் மறக்கவில்லை: இரயில் பெட்டிகள் பேசுவதாகக் கற்பனை செய்து எழுத வேண்டுமாம்! உடற்பயிற்சித் தேர்வில் ஒரு பந்தை எறிந்து கூடைப்பந்து ஆடச் சொன்னார்கள். ஆடத் தெரியாமல் விழித்தவர்களைப் பரிதாபத்துக்குரியவர்கள் என்றார்கள். அவர்களோ ஓக் மரத்தில் ஏறி, உச்சிக்கிளையைக் கோடரியால் வெட்டி, பனியில் இழுத்துவந்து தாயின் வாசலில் சேர்க்கக் கூடியவர்கள்.

'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற பெயரில் அந்நூல் 1967 மே மாதம் பிளாரன்சில் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் 'பார்பியானாப் பள்ளி' என்று மட்டும் இருந்தது. பள்ளிக்கு அது மூன்று மாற்றங்களைக் கோரியது: எவரையும் வகுப்பில் நிறுத்தாதீர்கள், மந்தமானவர் என்று தோன்றுவோருக்கு முழுநாள் பள்ளி கொடுங்கள், விருப்பம் அற்றவர்களுக்கு ஒரு குறிக்கோளைக் கொடுங்கள். மூன்றாவது கோரிக்கையே நம் பொருளுக்கு உயிர்நாடி. விருப்பம் அற்றவனை அதட்டுவதையோ பரிசு காட்டி இழுப்பதையோ அவர்கள் மருந்தாகக் கூறவில்லை. மதிப்பெண்ணுக்காகவும் பட்டத்துக்காகவும் படிப்பது குறிக்கோள் ஆகாது என்றும் தெளிவாகச் சொன்னார்கள். அது தனக்காக மட்டும் படிப்பது. அத்தகைய படிப்பில் சலிப்புறும் பிள்ளையைக் குறைகூற என்ன இருக்கிறது? அயலாருக்காகப் படிப்பதே அவர்கள் கண்ட குறிக்கோள். அயலாரைப் புரிந்துகொள்ளவும் அயலாருக்குப் புரியும்படி பேசவும் சொல்வளம் வேண்டும்; ஆகவே மொழி வேண்டும். இப்படித்தான் இலக்கணம்கூட அந்த மலையில் சுவை பெற்றது.

மிலானி அடிகளாரிடம் குறை இல்லையா? இருந்தது. மிகக் கண்டிப்பானவர், நாக்கு கூர்மையானது, சில வேளை கையும் நீண்டது. அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் அவர் நூல் காட்டிய கடுமை, நல்லாசிரியர் பலரையும் புண்படுத்தியது. அடிவார ஊரிலிருந்து ஒரு சிறுமிகூடப் பள்ளிக்கு வரவில்லை என்பதைச் சிறுவர்களே எழுதியிருக்கிறார்கள். பாதையின் கடினமும் பெற்றோரின் மனப்போக்கும் காரணமாகலாம் என்கிறார்கள். தவிர, தன் முழு வாழ்வையும் இருபது முப்பது பிள்ளைகளுக்கே கொடுக்கக் கூடிய ஒருவரை வைத்து ஒரு நாட்டின் கல்வித் திட்டத்தை வகுக்க இயலாது. இக்குறைகளையெல்லாம் ஒப்புக்கொண்டாலும், கடைசிப் பிள்ளைக்காக நின்ற அந்த வகுப்பறையின் கேள்விக்கு இவை விடையாகா.

1977-இல் இத்தாலி 517-ஆம் எண் சட்டத்தின்மூலம் தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் எண்ணில் மதிப்பெண் இடுவதைக் கைவிட்டு, எழுத்தில் மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தது. உடற்குறை உள்ள பிள்ளைகளையும் பொது வகுப்பில் சேர்த்தது. அந்த ஒரு நூலே இதற்குக் காரணம் என்பது மிகை. அந்நூல் எழுப்பிய விவாதத்துக்கு இதில் பங்குண்டு என்பது மிகையன்று. பார்பியானாவில் வளர்ந்த மிகேலே ஜெசுவால்தி பிற்காலத்தில் பிளாரன்ஸ் மாநிலத்தின் தலைவராக விளங்கினார். நூலும் பல மொழிகளுக்குச் சென்றது, தமிழிலும் வந்திருக்கிறது. அதன் முகப்பில் ஒரு செய்தி உண்டு, பலரும் கவனியாமல் கடந்துவிடுவது: இது ஆசிரியர்களுக்காக எழுதப்பட்டதன்று, பெற்றோருக்காக, அவர்கள் ஒன்றுகூட வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது என்கிறார்கள் சிறுவர்கள்.

நூல் வெளியான அடுத்த மாதம், 1967 ஜூன் 26-இல், மிலானி அடிகளார் பிளாரன்சில் தம் தாயாரின் இல்லத்தில் இறந்தார். 1960 முதலே நிணநீர்க் கணுப் புற்றுநோய் அவரை அரித்துவந்தது. கடைசி மாதங்களில் நோய்ப்படுக்கையில் கிடந்தபடியே அவர் பிள்ளைகளின் எழுத்தைக் கேட்டுத் திருத்தினார். வயது 44. கடவுளைவிடத் தம் மாணவர்களையே மிகுதியாக நேசித்துவிட்டதாகவும், கடவுள் அதைத் தம்முடைய கணக்கிலேயே வரவு வைத்துக்கொள்வார் என்று நம்புவதாகவும் அவர்களுக்கு எழுதிவைத்திருந்தார். ஐம்பது ஆண்டுகளுக்குப்பின், 2017 ஜூன் 20-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த மலைமேல் வந்து அவருடைய கல்லறையருகே மௌனமாக நின்று வேண்டினார். முதியவர்களாகிவிட்ட அந்தப் 'பையன்கள்' அங்கே கூடியிருந்தார்கள். அந்தக் கல்லறைக்கான இடத்தை மிலானி, 1954-இல் பார்பியானாவுக்கு வந்த மறுநாளே, அங்கு ஒரு மாணவன்கூடச் சேராத நாளில், தம் பெயருக்கு விலைகொடுத்து வாங்கியிருந்தார்.